கொலு வீடு நிஜ வீடாக: எலிவேஷன் ரெண்டர் பழகுகிறவர்களுக்கு

திருச்சியில் வடக்குப் பார்த்த மனை. 30க்கு 40 அடி. கீழே போர்டிகோ, மேலே பால்கனி, சுவருக்கு வெள்ளை, ஓரமாகக் கொஞ்சம் கல் பதிப்பு. அந்த வீட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த எலிவேஷன் படத்தில், அதாவது கட்டுவதற்கு முன் கணினியில் ரெண்டர் செய்த முகப்புப் படத்தில், அளவெல்லாம் சரி, ஓர் அங்குலம் பிசகவில்லை. வீட்டுக்காரரின் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா கொலுவுல வைக்கிற வீடு மாதிரி இருக்கே" என்றார்.

எங்கே தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எழுபது வருஷமாக வெயிலையும் வீட்டையும் சேர்த்தே பார்த்து வந்த கண் அது. மறுநாள் மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனேன். பக்கத்து வீடும் வடக்குப் பார்த்ததுதான். எதிர்சாரியில் நின்று நாலைந்து படம் எடுத்தேன். அதையும் என் ரெண்டரையும் அருகருகே வைத்தவுடன் புரிந்துவிட்டது. அப்போது மார்கழி மாதம். பக்கத்து வீட்டு முகப்பு முழுக்க நிழலில் இருந்தது. நான் போட்ட வீட்டில் மட்டும் முகப்பில் பளீரென்று வெயில்.

ரெண்டர் என்பது அடிப்படையில் ஒளிக்கணக்கு. வெளிச்சம் எங்கிருந்து கிளம்புகிறது, எதில் பட்டு எவ்வளவு திரும்புகிறது, அதில் எவ்வளவு கேமராவுக்கு வந்து சேர்கிறது என்று கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போடுகிறது. 1986இல் ஜேம்ஸ் கஜியா என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை ஒரே சமன்பாடாக எழுதிக் காட்டினார். இன்று பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் சைக்கிள்ஸ், வி-ரே போன்ற ரெண்டர் நிரல்கள் எல்லாம் தோராயமாகத் தீர்ப்பது அந்தச் சமன்பாட்டைத்தான். மென்பொருள் தன் கணக்கை ஒழுங்காகத்தான் செய்கிறது. நாம் கொடுக்கும் தகவலில் பொய் இருந்தால் அந்தப் பொய்யையும் ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டிவிடும். ஆகவே "எந்த செட்டிங்கை மாற்றினால் நிஜம் மாதிரி வரும்?" என்று தேடுவதற்கு முன்னால், நாம் கொடுத்தது நிஜமா என்று பார்க்க வேண்டும்.

சூரியனுக்குத் திசை உண்டு

பழகுகிறவர்கள் சூரியனைத் தங்களுக்கு வசதியான இடத்தில் வைத்துவிடுகிறார்கள்: கேமராவுக்குப் பின்னால், தோளுக்கு மேலே. முகப்பு நன்றாகத் தெரியட்டும் என்ற எண்ணம். நானும் அதைத்தான் செய்திருந்தேன். ஆனால் திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறை, உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட நாலு மாதம் சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும். அப்போது வடக்குச் சுவரில் காலை முதல் மாலை வரை வெயில் படும். மார்கழி, தையில் நேர்மாறு. சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்கு முகப்பில் ஒரு பொட்டு வெயில் விழாது.

அந்தக் குடும்பம் குடிபோவது தை மாதம். அதனால் படத்தைத் தை மாத மத்தியானத்துக்கே மாற்றினேன். முகப்பு நிழலில் இருந்தால் படம் மங்கிப்போகுமே என்று பயந்தேன். நடந்தது வேறு. 24 அடி உயர வீட்டின் நிழல் அந்த நேரத்தில் வடக்கே சுமார் 15 அடி விழுகிறது. வாசலும் பாதி ரோடும் நிழல், அதற்கு அந்தப் பக்கம் ரோட்டில் நல்ல வெயில். அந்த வெயில் தரையில் பட்டு மேலே திரும்பி போர்டிகோவின் கூரை அடிப்பக்கத்தையும் பால்கனியின் அடிப்பக்கத்தையும் இளமஞ்சளாக வெளிச்சமாக்கியது. நீங்கள் எந்த வீட்டு வாசலிலும் மத்தியானத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் இந்த வெளிச்சம் தெரியும். கீழிருந்து மேலே வரும் வெளிச்சம். ரோட்டை மாடல் செய்யாமல் வீட்டை மட்டும் வைத்து ரெண்டர் செய்தால் இது வரவே வராது.

கோடையில் இதே வீடு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜூன் 21 நண்பகலில் சூரியன் வடக்கே சுமார் 77 பாகை உயரத்தில் நிற்கும். 2 அடி நீட்டிய சன்ஷேடின் நிழல் சுவரில் ஏறக்குறைய 9 அடி கீழே இறங்கும். ஜன்னலும் அதன் கீழ்ச் சுவரும் முழுக்க நிழலுக்குள் போய்விடும். சன்ஷேடு இல்லாத இடத்தில் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். கொத்தனார் மட்டப்பலகை ஓட்டிய தடம்கூட அந்த வெயிலில் தெரியும்.

இதையெல்லாம் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. பிளெண்டரில் சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் துணை நிரல் இருக்கிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்கும். ஸ்கெட்ச்அப் மென்பொருளிலும் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து நிழலைப் பார்க்கலாம். நம் வேலை ஒன்றுதான்: மாடலில் வடக்கு எது என்று சரியாகச் சொல்வது. பிளானில் வடக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துத் திருப்பினால் போதும். மேற்கு, கிழக்குப் பார்த்த வீடு என்றால் வேலை இன்னும் சுலபம். மேற்குக்குச் சாயங்காலம் நாலரை, கிழக்குக்குக் காலை எட்டரை. சாய்ந்த வெயிலில் மேடு பள்ளம் நன்றாக எடுபடும்.

வானமும் ஒரு விளக்குதான்

வெளியே நமக்கு இரண்டு விளக்கு. ஒன்று சூரியன், இன்னொன்று வானம் முழுக்க. தெளிந்த நண்பகலில் நேர் வெயில் விழும் தரையில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். பக்கத்திலேயே வானம் பார்த்த நிழலில் 10,000 முதல் 20,000 வரை. அதாவது நிழல் என்பது கருப்பு இல்லை, வெயிலைவிட ஐந்து முதல் பத்து மடங்கு குறைந்த வெளிச்சம். அந்த வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருவதால் வெள்ளைச் சுவரின் நிழல் கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும். சூரியனை மட்டும் வைத்து வானத்தை விட்டுவிட்டால் நிழல் மை பூசினது போல ஆகிவிடும். வானத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் நிழலே இல்லாமல் வீடு மிதக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் சூரியனும் வானமும் சேர்ந்து வருகிற ஏற்பாடு இருக்கும், அதைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழலின் விளிம்பையும் கவனியுங்கள். சூரியன் ஒரு புள்ளி இல்லை, நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழல் விழும் தூரம் கூடக்கூட விளிம்பு மங்கும். கணக்கு எளிது: ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. மங்கல். சன்ஷேடின் நிழல் சுவரில் கத்தியால் வெட்டினது போல இருக்கும். எட்டு மீட்டர் உயரத் தென்னங்கீற்றின் நிழல் தரையில் ஏழெட்டு செ.மீ. கலங்கி விழும். இரண்டும் ஒரே கூர்மையில் இருந்தால் காரணம் தெரியாமலே கண் உறுத்தும். பிளெண்டரில் சூரிய விளக்கின் கோணத்தை 0.53 பாகையில் விட்டுவிட்டால் இது தானாக வந்துவிடும். நிழல் மென்மையாக இருந்தால் அழகு என்று அதை 5, 10 என்று ஏற்றுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வீடு மேஜைமேல் வைத்த மாடல் மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் மேஜை விளக்கின் நிழல்தான் அப்படி இருக்கும். கொலு வீடு என்று அந்த அம்மா சொன்னதில் இதற்கும் பங்கு இருந்தது. என் சூரியன் 4 பாகையில் இருந்தது.

அந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக வானத்துக்கு ஹெச்டிஆர்ஐ படம் வைப்பதும் வழக்கம். நிஜ இடத்தின் வெளிச்சத்தை முழு வீச்சில் படமெடுத்து, அதையே விளக்காகப் பயன்படுத்தும் முறையை 1998இல் பால் டெபெவெக் செய்து காட்டினார். பாலி ஹேவன் தளத்தில் நல்ல ஹெச்டிஆர்ஐ இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அங்கே ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எடுத்தவை நிறைய. நம் ஊர் நண்பகல் காட்சிக்கு, சூரியன் 30 பாகை உயரத்தில் தொங்கும் வானத்தை வைத்தால் நிழல் நீளமாக விழுந்து ஊரே மாறிவிடும். நான் மேகத்துக்கும் பிரதிபலிப்புக்கும் மட்டும் மெல்லிய மேகமூட்ட ஹெச்டிஆர்ஐ வைத்து, சூரியனைத் தனியாக வைக்கிறேன்.

எதிர்சாரியில் நிற்கிற ஆள்

கேமராவை 1.5 முதல் 1.6 மீட்டர் உயரத்தில் வையுங்கள். நிற்கிற மனுஷனின் கண் உயரம் அது. மாடியிலிருந்து பார்க்கிற மாதிரி வைத்தால் மறுபடியும் மேஜைமேல் மாடல்தான்.

சுவரின் செங்குத்துக் கோடுகள் படத்தில் நேராக நிற்க வேண்டும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் வீடு பின்பக்கம் சாயும். சாய்க்காமல் நேராக வைத்து, வீட்டின் உச்சி வெட்டுப்பட்டால் லென்ஸின் ஷிஃப்டை (கேமரா சாயாமல் காட்சியை மட்டும் மேலே நகர்த்தும் அமைப்பை) ஏற்றுங்கள். கட்டடப் புகைப்படக்காரர்கள் இதற்கென்றே தனி லென்ஸ் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது ஒரு எண்ணை மாற்றுகிற வேலை.

லென்ஸ் விஷயத்தில் ஒரு மனக்கணக்கு. 36 மி.மீ. அகல சென்சாரில் 24 மி.மீ. லென்ஸ் வைத்தால், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ அதைப்போல ஒன்றரை மடங்கு அகலம் படத்தில் அடங்கும். 35 மி.மீ. என்றால் தூரமும் அகலமும் ஏறக்குறைய சமம். 30 அடி அகல வீடு, 20 அடி தள்ளி நிற்கலாம் என்றால் 24 மி.மீ.க்கு வீடு மட்டும்தான் அடங்கும், ஓரத்தில் விரல் வைக்க இடமிருக்காது. அப்போது 18, 16 என்று இறக்கத் தோன்றும். ஓரத்தில் இருக்கும் தூண் இழுபட்டுத் தடிக்கும், வேண்டாம். கேமராவை எதிர்வீட்டுச் சுவருக்குள் கொண்டுபோய் வைப்பதும் உண்டு. அளவோடு செய்தால் தப்பில்லை. ஆனால் 20 அடி ரோட்டில் இருக்கும் வீட்டை 100 அடி தள்ளி நின்று பார்த்தது போலக் காட்டினால், அந்தத் தெருவில் வாழப்போகிறவருக்கு அது அவர் வீடாகத் தெரியாது. நான் வீட்டை முழுசாகக் காட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. ஒரு மூலையிலிருந்து சாய்வாக, பக்கத்து மதில் கொஞ்சம் மறைக்க எடுத்த படம் பல நேரம் நம்பும்படியாக இருக்கிறது.

வெள்ளை, முனை, கண்ணாடி

சுவருக்கு வெள்ளை கேட்டால் 0 முதல் 255 வரையுள்ள நிற அளவில் கடைசி எல்லை வரை தள்ளி 255 வைப்பது பொதுவான தவறு. புதிதாக அடித்த வெள்ளைப் பெயிண்ட்கூட, விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். 100 சதவீதம் அனுப்புகிற சுவர் உலகத்தில் எங்கும் இல்லை. அப்படி வைத்தால் வெளிச்சம் சுவருக்குச் சுவர் குறையாமல் குதித்து, மூலை முடுக்கெல்லாம் வெளுத்து, சுவர் தானே எரிவது போல ஆகிவிடும். வெள்ளைக்கு 230 பக்கத்தில் நிறுத்துங்கள். வெளுப்பு வேண்டுமென்றால் அது எக்ஸ்போஷரில் (கேமரா ஏற்கும் வெளிச்ச அளவில்) வரட்டும். கருப்பும் அப்படித்தான். கரிகூட நாலு சதவீத வெளிச்சத்தைத் திருப்புகிறது, அதனால் கருப்பு இரும்புக் கேட்டுக்கு 0 வைக்காதீர்கள்.

அப்புறம் முனை. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுத் தூணின் முனையில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவுங்கள். பூச்சு முனை கூராக இருக்காது. கொத்தனார் ஈரத்திலேயே லேசாக மழுக்கியிருப்பார், பட்டியும் பெயிண்ட்டும் ஏறி இன்னும் மழுங்கியிருக்கும். மூன்று மி.மீ. இருக்கும், ஐந்து இருக்கும். இடுப்புயரத்தில் பைக் இடித்து ஒரு சின்ன உடைப்பு இருந்தாலும் இருக்கும். அந்த மழுங்கிய முனையில்தான் வெயில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கிறது. கணினியில் போட்ட பெட்டியின் முனைக்கு அகலமே கிடையாது, அதனால் அந்தக் கோடு விழ இடமில்லை. இரண்டு நிறம் நேராக ஒட்டிக்கொண்டு அட்டைப்பெட்டி மாதிரி தெரியும். எல்லா முனைக்கும் மூன்று நாலு மி.மீ. பெவல், அதாவது முனை மழுக்கல், கொடுங்கள். ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டெக்ஸ்சர், அதாவது சுவர், தரைமேல் ஒட்டும் செங்கல், கல் படம் என்றால் முதலில் அளவு. நம் ஊர்ச் செங்கல் 9 அங்குலம் நீளம், 3 அங்குலம் உயரம். பத்து அடி உயரச் சுவரில் சாந்தோடு சேர்த்து 35 வரிசைக்கு மேல் வர வேண்டும். பலர் போட்ட படத்தில் எண்ணிப் பார்த்தால் 15தான் இருக்கும். செங்கல் பெரிசானால் வீடு சின்னதாகத் தெரியும். 600க்கு 600 மி.மீ. டைல்ஸும் அப்படியே. கல் பதிப்பில் ஒரே கறை நாலு இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கண் உடனே பிடித்துவிடும். இரண்டு மூன்று படங்களைக் கலந்து போடுங்கள்.

கண்ணாடியில் ஒரே விஷயம்: பகலில் வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இருட்டாகத்தான் இருக்கும், மேலே வானமும் எதிர்வீடும் தெரியும். அதனால் கேமராவுக்குப் பின்னால் எதிர்வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். வெறும் பெட்டியாக இருந்தாலும் போதும். உள்ளே ஒரு திரைச்சீலையும் அதற்குப் பின்னால் ஒரு சுவரும் வையுங்கள். பல கண்ணாடிகள் இருந்தால் ஒன்றிரண்டை அரைப் பாகை திருப்பி விடுங்கள். நிஜத்தில் எதுவும் ஒரே தளத்தில் உட்காருவதில்லை.

வாசலும் தரையும்

வீடு தரையைத் தொடும் இடம்தான் படத்தின் சாட்சி. நூலகத்திலிருந்து புல்வெளியை இழுத்துப் போட்டு, அதன்மேல் வீட்டை வைத்தால் எங்கோ இருக்கும் வீடு. நம் தெருவில் தார் ரோடு, அதன் விளிம்பில் மண், மண்ணில் கொஞ்சம் கோரைப்புல், அப்புறம் வாசலுக்குச் சிமெண்ட் சரிவு. தார் ரோட்டின் ஓரம் ஒருபோதும் நேர்க்கோடாக முடியாது. மண் ரோட்டுமேல் ஏறியிருக்கும். காம்பவுண்டுச் சுவரின் அடியில் ஓர் அடி உயரத்துக்கு மழைத்துளி மண்ணைத் தெறித்து லேசாகச் செம்மை ஏறியிருக்கும்.

அழுக்கு எவ்வளவு போடுவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. புது வீட்டுப் படத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து பாசி வழிகிற மாதிரி போடக்கூடாது. அது பத்து மழைக்காலம் கண்ட வீட்டுக்கு வருவது, புது வீட்டுக்குப் போட்டால் அதுவும் பொய்தான். ஆனால் மழைநீர்க் குழாய், மீட்டர் பெட்டி, ஏசி வெளிப்பெட்டி, மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி, போஸ்ட்டிலிருந்து வரும் கரண்ட் ஒயர் எல்லாம் கட்டி முடித்த முதல் நாளே அங்கே இருக்கப்போகின்றன. அவற்றை மறைத்தால் படம் அழகாகலாம், வீட்டுக்காரருக்கு அது பயன்படாது. மறைக்காமல் காட்டினால், "அந்தக் குழாயைப் பக்கவாட்டில் கொண்டுபோகலாமே" என்று கட்டுவதற்கு முன்பே பேச முடியும்.

மரத்துக்கு வேப்பமரம், புங்கமரம், தென்னை தேடி எடுங்கள். மென்பொருளோடு வரும் மேப்பிள் மரம் நம் தெருவில் இல்லை. இலைக்கு ஒளி ஊடுருவும் தன்மை கொடுக்க மறக்காதீர்கள். வெயிலுக்கு எதிராகப் பார்க்கும்போது இலை மஞ்சள் பச்சையாக ஒளிர்வது அதனால்தான். அது இல்லாவிட்டால் மரம் பச்சைக் காகிதம்.

மாலை நேரப் படம் கேட்டால் உள் விளக்கையெல்லாம் தங்க நிறமாக்க வேண்டாம். நம் வீடுகளில் பாதிக்கு மேல் வெள்ளை எல்இடிதான், ஒளியின் நிற அளவில் 6500 கெல்வின். வாசல் விளக்கு மட்டும் மஞ்சள் சாயலில் 3000 கெல்வின் வைத்து, உள் அறை ஒன்றை வெள்ளையாக விட்டுப் பாருங்கள்.

கடைசியாக எக்ஸ்போஷர். பிளெண்டர் 4.0 முதல் ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்றம் இயல்பாகவே வருகிறது, அதற்கு முன் ஃபில்மிக். வெயில் பட்ட வெள்ளைச் சுவர் திடீரென்று வெட்டுப்பட்டு வெளுக்காமல் படிப்படியாக வெளுக்க இவை உதவும். பழைய 'ஸ்டாண்டர்ட்' நிற மாற்றத்தில் விட்டுவிடாதீர்கள். படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் கருவியைக் குறைவான சாம்பிளில் (ஒரு புள்ளிக்குக் கணக்கிடும் ஒளிக்கதிர் எண்ணிக்கையில்) ஓட்டினால் கல்லின் சொரசொரப்பெல்லாம் மெழுகாகிவிடும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடட்டும்.

பழக ஒரு வழி சொல்கிறேன். புது டிசைன் எதுவும் வேண்டாம். உங்கள் தெருவில் கட்டி முடித்த ஒரு வீட்டை எதிர்சாரியிலிருந்து போனில் எடுங்கள். தேதி, மணி, எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டை அதே நேரத்து வெயிலில், அதே இடத்துக் கேமராவோடு ரெண்டர் செய்யுங்கள். இரண்டையும் சின்னதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெரியாத ஒருவரிடம் காட்டி எது போட்டோ என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். நிழல், தரை, ஜன்னல் மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கை காட்டுவார். அதை மட்டும் திருத்தி, மறுபடி இன்னொருவரிடம் காட்டுங்கள்.